நாற்காலியை விட்டு எழுந்தவர்

ஜனவரி மாதம் வந்துவிட்டால் எங்கள் காரியாலயத்தில் ஒரு சடங்கு உண்டு. பொங்கல் மலர் வேலை முடிந்து, கரும்புப் படங்களையும் மஞ்சள் கொத்துப் படங்களையும் மூட்டை கட்டி வைத்த மறுநாளே ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்புவார். "குடியரசு தினத்துக்கு என்ன எழுதப் போகிறீர்?" என்று கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "டில்லி அணிவகுப்பு, ஒட்டகப் படை, குதிரை வண்டி... ஒரு நாலு பக்கம்! படம் நிறையப் போடலாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

இந்த வருஷம் நான் முந்திக்கொண்டேன்.

"ஸார், குதிரை வேண்டாம். நாற்காலியைப் பற்றி எழுதுகிறேன்."

ஆசிரியர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "எந்த நாற்காலி?"

"நம் தேசத்தின் தலைவருடைய நாற்காலி. 1950 ஜனவரி 26-ந் தேதி நடந்த பதவிப் பிரமாண வைபவத்தைத்தான் சொல்கிறேன்."

"அன்றைக்கு அதில் ராஜேந்திர பிரஸாத் உட்கார்ந்தார். அது மூன்றாம் வகுப்புப் பையனுக்குக்கூடத் தெரியுமே!"

"உட்கார்ந்தவரைப் பற்றி இல்லை, ஸார். எழுந்தவரைப் பற்றி!"

ஆசிரியர் சற்று நேரம் பேனாவை உருட்டினார். "சரி, எழுதும். ஆனால் குதிரை ஒன்றாவது வந்தாக வேண்டும்" என்றார். ஆகையால், நேயர்களே, இந்தக் கட்டுரையில் எங்கேயாவது குதிரை தலை காட்டினால் அதற்கு நான் பொறுப்பாளி அல்ல.

கல்யாண வீட்டில் கெட்டிமேளம் முழங்குகிற சமயத்தில் எல்லோருடைய கண்ணும் மாப்பிள்ளையின் கையில் இருக்கும் திருமாங்கல்யத்தின் மேல்தான் இருக்கும். பெண்ணைப் பெற்றவர் அந்த நிமிஷத்தில் எங்கே நின்றார், எப்படி நின்றார் என்று யாராவது பார்ப்பதுண்டா? பதவிப் பிரமாண வைபவமும் அந்த மாதிரிதான். புதிதாக வந்தவரைப் பார்க்க ஆயிரம் கண்கள். இடம் விட்டவரைப் பார்க்க ஆளில்லை. எனக்கு மட்டும் ஏன் அந்தப் பக்கம் கண் போகிறதென்றால், அதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. அதைப் பிற்பாடு சொல்கிறேன்.

முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. 1947 ஆகஸ்டு 15-ந் தேதி நமக்குச் சுதந்திரம் வந்தது. அன்றைக்கு இந்தியாவின் தலைவர் யார்?

நேரு என்று சொல்வீர்கள். அவர் பிரதம மந்திரி. மந்திரி இருந்தால் அவருக்கு மேலே ராஜா என்று ஒருவர் இருக்க வேண்டும் அல்லவா? அந்த ராஜா யார்? வேறு யாரும் இல்லை, லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனையில் வீற்றிருந்த ஆறாவது ஜார்ஜ் மன்னர்தான்! மூவர்ணக் கொடி ஏற்றியாகிவிட்டது, மிட்டாய் வழங்கியாகிவிட்டது. ஆனாலும் இரண்டு வருஷம், ஐந்து மாதம், பதினோரு நாள் வரையில் சட்டப்படி நம் ராஜ்யத்தின் தலைவர் அவரே. டில்லியில் அவருடைய பிரதிநிதியாக ஒரு கவர்னர்-ஜெனரல் இருந்தார். நம் மந்திரிகள் சொன்னபடிதான் அவர் நடக்க வேண்டும் என்பது உண்மை. ஆயினும் அவர் இருந்தது மன்னருக்குப் பதிலாகத்தான். வீட்டைக் கிரயம் பேசி, குடிவந்து, பால் காய்ச்சி, சுண்ணாம்பும் அடித்தாயிற்று. பட்டா மட்டும் பழைய சொந்தக்காரர் பெயரிலேயே இருக்கிறது என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது நம் நிலைமை.

முதல் கவர்னர்-ஜெனரல் மவுண்ட்பேட்டன் பிரபு. அவர் 1948 ஜூன் மாதம் ஊருக்குப் புறப்பட்டதும், 21-ந் தேதி அந்த இடத்துக்கு வந்தவர் நம்முடைய சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார். இதில் ஒரு வேடிக்கை. அதற்கு மறுநாள், அதாவது ஜூன் 22-ந் தேதிதான், ஜார்ஜ் மன்னர் 'இந்தியச் சக்கரவர்த்தி' என்ற தம்முடைய பட்டத்தைத் துறந்து பிரகடனம் செய்தார். ஒரு சக்கரவர்த்தி டில்லியில் குடியேறினார். இன்னொரு சக்கரவர்த்தி லண்டனில் பட்டத்தைக் கழற்றி வைத்தார்!

ராஜாஜி குடியேறிய மாளிகை லேசுப்பட்டதல்ல. லட்யன்ஸ் என்ற ஆங்கிலச் சிற்பி வைஸ்ராய்க்கென்று கட்டியது. அறைகள் மட்டும் 340. தொரப்பள்ளிக் கிராமத்தில் பிறந்து, சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தி, சேலம் நகரசபைத் தலைவராகத் தெருவிளக்கையும் குடிதண்ணீரையும் கவனித்தவர் அவர். வைஸ்ராய்கள் வாசம் செய்த பகுதியின் ஆடம்பரம் அவருக்கு ஒத்துவரவில்லை. விருந்தாளிகள் தங்கும் பக்கத்தில் சில அறைகளைத் தமக்கென்று ஒதுக்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் வந்த ஜனாதிபதிகளும் அந்தப் பக்கத்திலேயே குடியிருக்கும் வழக்கம் வந்துவிட்டது. தேசத்தில் உணவுப் பஞ்சம். மாளிகை நிலத்தில் ஒரு பகுதியை உழுது கோதுமை விதைக்கவும் ஏற்பாடு செய்தார். வைஸ்ராய் மாளிகை வளைவுக்குள்ளே ஏர் ஓடும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்!

இதற்கிடையில் அரசியல் நிர்ணய சபை சட்டத்தை எழுதி முடித்துக்கொண்டிருந்தது. 1950 ஜனவரி 26-ல் இந்தியா குடியரசாகும். ஏன் அந்தத் தேதி? 1930-ல் அதே ஜனவரி 26-ந் தேதி, பூரண சுயராஜ்யமே நம் லட்சியம் என்று தேசமெங்கும் பிரதிக்ஞை எடுத்துக்கொண்டார்கள். அந்த நாளை வீணாக்க மனம் இல்லை.

சரி, குடியரசுக்கு முதல் ஜனாதிபதி யார்?

ராஜாஜிதான் என்று பலர் நினைத்தார்கள். மாளிகையில் இருக்கிறார், வேலை தெரிந்தவர், கவர்னர்-ஜெனரல் என்ற பெயர்ப் பலகையை எடுத்துவிட்டு ஜனாதிபதி என்று மாட்டினால் போதும். பிரதம மந்திரி நேருவும் அதைத்தான் விரும்பினார். 1949 செப்டம்பரில் ராஜேந்திர பிரஸாத்துக்கு ஒரு கடிதம்கூட எழுதிப் பார்த்தார். அது பிரஸாத்தின் மனத்தைப் புண்படுத்தியதுதான் மிச்சம். காங்கிரஸ் அங்கத்தினர்களோ வேறு விதமாக நினைத்தார்கள். 1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் நடந்தபோது ராஜாஜி அதற்கு மாறாக நின்றவர். காங்கிரஸை விட்டே விலகியவர். தேசமெங்கும் தொண்டர்கள் சிறைக்குப் போன அந்தக் காலத்தை அவர்கள் மறக்கவில்லை. பிரஸாத்தோ அந்த இயக்கத்தில் சிறை சென்றவர். அரசியல் நிர்ணய சபையின் அக்கிராசனராகவும் இருந்து சட்டத்தை நிறைவேற்றித் தந்தவர். அவருக்கு என்ன குறை? நேரு தம் விருப்பத்தை விட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஜனவரி 24-ந் தேதி சபை கடைசி முறையாகக் கூடிற்று. அங்கத்தினர்கள் அரசியல் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட நாள் அது. ஜனாதிபதி தேர்தலின் முடிவை அறிவித்தவர் சபையின் காரியதரிசி ஹெச். வி. ஆர். அய்யங்கார். ஒரே ஒரு மனுதான் வந்திருந்தது, ராஜேந்திர பிரஸாத்தின் மனு. அதைப் பிரேரேபித்தவர் யார் தெரியுமா? ஜவாஹர்லால் நேரு! ஆமோதித்தவர் ஸர்தார் படேல். தாம் விரும்பாத ஒரு முடிவுக்குத் தாமே பிரேரணை கொடுத்துக் கையெழுத்துப் போட்ட அந்தப் பேனாவை எங்கேயாவது பத்திரப்படுத்தி வைத்திருந்தால் நான் டில்லிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

இனி, ஜனவரி 26.

வியாழக்கிழமை காலை. மாளிகையின் தர்பார் மண்டபம். பெரிய மனிதர்கள் கூடியிருந்தார்கள். இந்தோனேஷிய ஜனாதிபதி ஸுகர்ணோ விருந்தினராக வந்திருந்தார். மணி பத்தும் பதினெட்டு நிமிஷமும் ஆகும் சமயத்தில் இந்தியா சுதந்திர ஜனநாயகக் குடியரசாயிற்று. அந்தப் பிரகடனத்தை வாசித்தவர், பதவியை விட்டுப் போகிற கவர்னர்-ஜெனரல் ராஜாஜி.

இந்த இடத்தில் நேயர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். அவர் வாசித்தது என்ன? இந்தியா இனிக் குடியரசு. அப்படியானால் இந்தியாவுக்கு மன்னர் இல்லை. மன்னர் இல்லையென்றால் மன்னரின் பிரதிநிதி எங்கிருந்து வருவார்? கவர்னர்-ஜெனரல் என்ற உத்தியோகமே இனி இந்தியாவில் இருந்த இடம் தெரியாது. வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்திலிருந்து ஒருவர் மாற்றி ஒருவராக வந்த அந்தப் பதவிக்கு ஈமக்கிரியை செய்தவர், அதில் கடைசியாக அமர்ந்திருந்தவரே! தாம் படித்துக்கொண்டிருக்கிற காகிதம் முடிகிற இடத்தில் தம்முடைய பதவியும் முடிகிறது என்று தெரிந்தே அவர் படித்தார். வயது அப்போது எழுபத்தொன்று.

பத்து மணி இருபத்து நாலு நிமிஷத்துக்குப் பிரதம நீதிபதி ஹரிலால் கனியா பிரமாணம் செய்து வைக்க, ராஜேந்திர பிரஸாத் ஜனாதிபதியானார்.

பதினெட்டுக்கும் இருபத்து நாலுக்கும் நடுவில் எத்தனை நிமிஷம்? ஆறு. அந்த ஆறு நிமிஷம் இந்தியா குடியரசாக இருந்தது. ஆனால் ஜனாதிபதி இல்லை. பழைய தலைவர் எழுந்துவிட்டார். புதிய தலைவர் இன்னும் உட்காரவில்லை. பூமண்டலத்தில் எத்தனையோ தேசங்களில் இப்படி ஒரு நாற்காலி காலியாகிவிட்டால் அந்த ஆறு நிமிஷத்துக்குள் வாசலில் பீரங்கி வண்டி வந்து நின்றுவிடும். டில்லியிலும் பீரங்கி முழங்கியது. பத்தரை மணிக்குச் சற்றுப் பின்னால், புதிய ஜனாதிபதிக்கு மரியாதையாக, 31 குண்டு! அவ்வளவுதான்.

பிரஸாத் முதலில் ஹிந்தியிலும் பிறகு இங்கிலீஷிலும் பேசினார். இந்தத் தேசத்தின் நீண்ட சரித்திரத்தில் இவ்வளவு பெரிய பூமி முழுவதும் ஒரே சட்டத்தின் கீழே, ஒரே அரசின் பொறுப்பில் வருவது இதுவே முதல் தடவை என்றார். அப்போது ஜனத்தொகை 32 கோடிக்கு மேல் என்பது அவர் சொன்ன கணக்கு.

ஆசிரியருக்குக் கொடுத்த வாக்கை இப்போது காப்பாற்றிவிடுகிறேன். பிற்பகல் இரண்டரை மணிக்கு ஜனாதிபதி சாரட்டில் புறப்பட்டார். அது 35 வருஷத்துப் பழைய சாரட்டு. புதிதாகச் செப்பனிட்டு, அசோக ஸ்தம்பச் சின்னம் பொறித்திருந்தார்கள். இழுத்தவை ஆஸ்திரேலியக் குதிரைகள், ஆறு. தெருவெல்லாம் ஜே கோஷம். மூன்றே முக்கால் மணிக்கு இர்வின் ஸ்டேடியத்தில் மூவாயிரம் வீரர்களின் அணிவகுப்பு. குதிரைக் கதை முற்றிற்று.

பதவிப் பிரமாணத்தின் வாசகத்தை என்றைக்காவது படித்திருக்கிறீர்களா? மிகச் சின்னது. நம் வீட்டு வாடகைப் பத்திரத்தைவிடச் சின்னது. ஜனாதிபதியானவர் அரசியல் சட்டத்தையும் மற்றச் சட்டங்களையும் பேணிப் பாதுகாப்பதாகவும், இந்திய மக்களின் சேவைக்கும் நன்மைக்கும் தம்மை அர்ப்பணிப்பதாகவும் சொல்ல வேண்டும். தெய்வத்தின் பெயரால் சொல்லலாம். மனச்சாட்சிப்படி உறுதி கூறியும் சொல்லலாம். அதில் எந்த மன்னர் பெயரும் வராது. எந்த வம்சத்தின் பெயரும் வராது. மௌரியர் காலத்திலிருந்து ஜார்ஜ் மன்னர் காலம் வரையில் இந்தத் தேசத்தில் எத்தனையோ பட்டாபிஷேகங்கள் நடந்திருக்கின்றன. முடி சூட்டிக்கொள்கிறவருக்குக் குடிகள் சத்தியம் செய்து கொடுப்பதுதான் வழக்கம். அன்றைக்கோ, தலைமைப் பதவியில் அமர்ந்தவர் குடிகளின் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்தார்.

ஆனால் அதைவிட ஒரு பங்கு பெரிய விஷயமாக எனக்குப் படுவது இன்னொன்று. அக்கம்பக்கத்தைப் பார்த்தால்தான் அது புரியும். பாகிஸ்தான் 1956 மார்ச் 23-ந் தேதி குடியரசாயிற்று. அங்கே கடைசி கவர்னர்-ஜெனரலாக இருந்த இஸ்கந்தர் மிர்ஸாவே முதல் ஜனாதிபதி. உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். பெயர்ப் பலகை மட்டும் மாறிற்று. 1958 அக்டோபரில் அந்த அரசியல் சட்டத்தை அவரே ரத்துச் செய்து ராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தார். மாதம் முடிவதற்குள் அயூப்கான் அவரையே எழுப்பிவிட்டு, பிறகு லண்டனுக்கு அனுப்பிவிட்டார். இலங்கை 1972 மே 22-ந் தேதி குடியரசானபோதும் கவர்னர்-ஜெனரல் வில்லியம் கோபல்லாவவே ஜனாதிபதி ஆனார். முந்திய நாள் இரவு ஒரு பதவியில் தூங்கப் போய் மறுநாள் இன்னொரு பதவியில் கண் விழித்தார் என்று சொல்லலாம். நல்ல மனிதர், அவர் பேரில் குற்றமில்லை. ஆனால் ஜனங்கள் கண்ணெதிரே ஒருவர் எழுந்து இன்னொருவருக்கு இடம் கொடுக்கிற காட்சி அந்த இரண்டு இடத்திலும் முதல் நாளில் நடக்கவில்லை. நம் தேசத்தில் நடந்தது. நேருவின் விருப்பப்படியே பலகையை மட்டும் மாற்றியிருந்தால் நமக்கும் அந்தக் காட்சி கிடைத்திராது.

எழுந்து இடம் விடுவது அவ்வளவு சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவைக் காட்டிலும் பழகிய குடியரசு உண்டா? அங்கேயே 1801 மார்ச் 4-ந் தேதி, தேர்தலில் தோற்ற ஜான் ஆடம்ஸ் விடியற்காலை நாலு மணிக்கே வண்டி ஏறி ஊரைவிட்டுப் போய்விட்டார். தமக்குப் பின் ஜெபர்ஸன் பிரமாணம் எடுத்ததை அவர் கண்ணால் பார்க்கவில்லை. இருநூற்றிருபது வருஷம் கழித்து 2021 ஜனவரி 20-ல் டொனால்டு டிரம்ப் காலையிலேயே விமானம் ஏறி பிளாரிடாவுக்குப் போனார். ஜோ பைடன் பிரமாணம் எடுத்தபோது அவர் அங்கே இல்லை. ஆடம்ஸை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் அவர் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்திருந்தார். மனுஷன் மனம் எத்தனை தாங்கும்?

இப்போது என் சொந்தக் காரணத்துக்கு வருகிறேன்.

என் தகப்பனார் சேலம் ஜில்லாவில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தில் சரித்திர ஆசிரியர். நான் பத்தாவது படிக்கும்போது அங்கே தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார். நிர்வாகத்தார் என் தகப்பனாரைப் 'பொறுப்பு'த் தலைமையாசிரியராகப் போட்டார்கள். பொறுப்பு என்றால் வேலை முழுவதும் உண்டு, பதவி கிடையாது. அப்படியே ஏறக்குறைய இரண்டு வருஷம் ஓடிற்று. பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை அவரை "எச்செம் ஸார்" என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் அதை நிச்சயம் என்றே எண்ணிவிட்டோம். அம்மா ஒரு நல்ல வேஷ்டிகூட எடுத்து வைத்திருந்தாள்.

உத்தரவு வந்தது. அப்பாவைவிட எட்டு வயது இளையவர் ஒருவர் பெயருக்கு வந்தது. அவர் வாத்தியார் வேலைக்குப் புதிதாக வந்தபோது அப்பாதான் அவருக்கு வகுப்பு நடத்தும் முறையெல்லாம் சொல்லிக் கொடுத்தவர்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா வழக்கத்தைவிட ஒரு மணி முன்னதாகவே போய்விட்டார். நான் புத்தகப் பையுடன் அந்த அறையைத் தாண்டும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் சாவிகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் காகிதச் சீட்டுக் கட்டியிருந்தார். பிறகு மணி அடித்தது. வேப்பமரத்தடியில் நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்றோம். கடவுள் வாழ்த்து முடிந்ததும் மேடை ஏறி, இன்று முதல் இந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் இன்னார் என்று அறிவித்து, அவருக்கு மாலையும் போட்டவர் என் தகப்பனார்!

பக்கத்தில் நின்ற பையன்கள் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு அந்த மண்ணுக்குள்ளே புதைந்துவிடலாம் போலிருந்தது.

அன்று இரவு அம்மா, "ஏனுங்க, சாப்பிட வரலீங்களா?" என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். அப்பா திண்ணையில் உட்கார்ந்தபடியே, "பசிக்கலை" என்று சொல்லிவிட்டார். நான் அவரிடம் பேசவேயில்லை. அன்று மட்டுமல்ல, ஒரு மாதத்துக்கு மேலேயே முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு நாள் லீவு போட்டிருக்கக் கூடாதா? உடம்பு சரியில்லை என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? வேறு யாராவது அறிவித்திருக்க மாட்டார்களா? மானமுள்ள மனுஷன் செய்கிற காரியமா அது? பதினாறு வயதில் எனக்கு இருந்த ரோஷத்துக்கு அளவே இல்லை. அப்பாவைக் கோழை என்று மனத்துக்குள் வைதேன். மறுநாள் காலை அவர் வழக்கம்போலச் சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு சரித்திர வகுப்புக்குப் போனார். அந்த இளையவரின் கீழேயே நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றார்.

காலேஜில் அரசியல் சரித்திரம் படித்தபோதுதான் ராஜாஜியின் பிற்காலக் கதை எனக்குத் தெரிந்தது. 1950 ஜனவரியில் டில்லி மாளிகையை விட்டு வந்தவர், அதே வருஷம் ஜூலையில் திரும்ப டில்லிக்குப் போனார். எப்படி? நேருவின் மந்திரி சபையில் இலாகா இல்லாத மந்திரியாக! மந்திரிகளுக்குப் பிரமாணம் செய்து வைப்பவர் யார் என்று அரசியல் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஜனாதிபதி என்று போட்டிருந்தது. புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆறு மாதத்துக்கு முன் தாம் எழுந்து யாருக்கு இடம் கொடுத்தாரோ, அவர் எதிரிலேயே நின்று ஒரு மந்திரியாகப் பிரமாணம் எடுத்திருக்கிறார்! டிசம்பரில் படேல் காலமானதும் உள்நாட்டு மந்திரியானார். 1952 ஏப்ரலில் சென்னை ராஜ்யத்துக்கு முதல் மந்திரியாக வந்தார். தேசத்துக் கவர்னர்களுக்கெல்லாம் மேலே இருந்தவர், ஒரு கவர்னருக்குக் கீழே! அவர் முதல் மந்திரியாக இருந்து செய்த காரியங்களைப் பற்றி அன்றும் சண்டை உண்டு, இன்றும் உண்டு. நானும் சிலவற்றை ஒப்புக்கொள்ளமாட்டேன். அது வேறு சமாசாரம். 1954-ல் முதல் முதலாகப் பாரத ரத்னம் வழங்கியபோது மூன்று பேரில் ஒருவர் ராஜாஜி. அந்தப் பட்டம் ஜனாதிபதி வழங்குவது. ஜனாதிபதி பிரஸாத்!

உட்கார்ந்தவரும் எழுந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் மாளிகையில் இருந்த பிரஸாத், 1962 மே 13-ந் தேதி திருத்தணிக்காரரான ராதாகிருஷ்ணனிடம் பதவியை ஒப்படைத்துவிட்டு, பாட்னாவில் கங்கைக் கரையில் உள்ள சதாகத் ஆசிரமத்துக்கு வசிக்கப் போய்விட்டார்.

இப்போதெல்லாம் பதவிப் பிரமாணம் பார்லிமெண்டின் மத்திய மண்டபத்தில், ஜூலை 25-ந் தேதி நடக்கிறது. 1977-ல் சஞ்சீவ ரெட்டி அந்தத் தேதியில் பதவியேற்றதிலிருந்து அப்படி அமைந்துவிட்டது. 2022-ல் திரௌபதி முர்மு பதவியேற்றதை நான் டெலிவிஷனில் பார்த்தேன். போகிறவரும் வருகிறவரும் அருகருகே நாற்காலியில் உட்காருகிறார்கள். பிரமாணம் முடிந்ததும் இருவரும் எழுந்து இடம் மாறி உட்காருகிறார்கள். அவர் நாற்காலியில் இவர். இவர் நாற்காலியில் அவர். சின்னப் பிள்ளைகளின் நாற்காலி விளையாட்டு மாதிரி இருந்தது. ஆனால் இதில் போட்டி இல்லை; பாட்டு நின்றதும் தள்ளுமுள்ளும் இல்லை.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்த அன்று இரவு ஊருக்கு டெலிபோன் செய்தேன். அப்பாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். உரக்கப் பேச வேண்டும். இத்தனை வருஷமாகக் கேட்காத கேள்வியை உரக்கக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அப்பா, அன்னிக்குப் புது எச்செம் வந்தாரே, அவர் பேரை நீங்களே ஏம்பா மேடையிலே சொன்னீங்க? வேற யாரையாவது சொல்லச் சொல்லியிருக்கலாமே?"

அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமில்லை. காதில் விழவில்லையோ என்று நினைத்தேன்.

"வேற யார் சொல்றது, கண்ணு? அவர் பேரைச் சொல்ற வரைக்கும் நான்தானே பொறுப்பு?" என்றார்.

எனக்கு மேலே என்ன பேசுவதென்று தெரியவில்லை. "நான் ரொம்ப நாள் உங்ககிட்டப் பேசலையே, ஞாபகம் இருக்குதாப்பா?" என்றேன்.

"அதெல்லாம் இருக்குது. உங்கம்மாகூடச் சொன்னா, பையன் கோவமா இருக்கான்னு. பரீட்சை வந்தாப் பேசிடுவான்னு விட்டுட்டேன்" என்று சிரித்தார்.

பிறகு அவராகவே சொன்னார்: "அன்னிக்கு எல்லாச் சாவியும் கொடுத்துட்டேன், ஒண்ணைத் தவிர. தேசப்படம் வெச்சிருக்கிற பீரோச் சாவி. அது சரித்திர வாத்தியார்கிட்ட இருக்க வேண்டியதுதானே? நாலு வருஷம் கழிச்சு ரிடையர் ஆன அன்னிக்கு, அதையும் அவர் கையிலேயே கொடுத்தேன். பூட்டு துருப் பிடிச்சுக் கிடக்குது, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் திறங்க, இல்லேன்னா சாவி முறிஞ்சுரும்னு சொல்லிட்டு வந்தேன்."